வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்

கே: பழைய கொரிய சண்டைப் படங்களை என் மாமா ராத்திரி முழுக்கப் பார்க்கிறார். தலையும் புரியாது, வாலும் புரியாது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது? - வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

ப: கதையை யார் கேட்டது, காலைப் பாருங்கள்! டேக்வாண்டோ என்ற உதைச் சண்டைக் கலை பிறந்த ஊர், உதைக்குப் பஞ்சமே இல்லை. ஜாக்கி சானின் ‘டிரங்கன் மாஸ்டர்’ (1978) வில்லன் ஹ்வாங் ஜங் லீ கொரியர்தான். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தூக்கிய காலைக் கீழே வைக்காமலே அடுத்தடுத்து உதைப்பார். அப்புறம் அந்த டப்பிங், வாய் மூடிய பிறகும் வசனம் ஓடும். ஏற்காட்டில் ஒரு ராத்திரி கீறல் விழுந்த சிடியில் ஒன்று பார்த்தேன்: திரையில் பனி வயலில் சண்டை, மூச்செல்லாம் புகை, எங்கள் ஜன்னலிலும் மூடுபனி. கிளைமாக்ஸில் சிடி சிக்கி, வில்லன் அந்தரத்திலேயே நின்றுவிட்டார். மாமாவிடம் நல்ல பிரதி இருந்தால் சொல்லுங்களேன்.