தண்ணீர் கேள்வி-பதில்: ஏரி தளும்பும்போதும் கடல்நீரை ஏன் வாங்குகிறார்கள்?

காட்டுப்பள்ளி ஆலையிடம் மெட்ரோ வாட்டர் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறதாமே? புழல் ஏரி தளும்பும்போதுகூடவா?
– வாசகர், திருவொற்றியூர்

ஆமாம், கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை என்று நாம் சொல்வது அதைத்தான். 2010இல் ஓடத் தொடங்கியது. நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். தனியார் கட்டி, 25 ஆண்டு நடத்தி, மெட்ரோ வாட்டர் வாரியத்துக்கு மொத்தமாக விற்பதாக ஒப்பந்தம். இந்த மாதிரி ஆலையில் தண்ணீர் எடுக்காத நாளிலும் கடன் வட்டி, ஆள் சம்பளம், பராமரிப்பு எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மிச்சமாவது பெரும்பாலும் கரண்ட் செலவுதான்.

ஏரி நிறைந்த வருஷத்தை மட்டும் பார்த்தால் தண்டச் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் 2019ஐ நினைத்துப் பாருங்கள். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன் சேர்ந்த ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நாளுக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவதாகத் திட்டம். ஊரே வேடிக்கை பார்த்த அந்த ரயில் திட்டத்தைப்போல் பத்து மடங்கு காட்டுப்பள்ளியின் திறன், அதுவும் மழையை நம்பாமல். வாங்குவது தப்பில்லை. மழைக்காலத்தில் எவ்வளவு குறைத்து வாங்கலாம் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கிருஷ்ணா தண்ணீர் வருஷத்துக்கு 12 டிஎம்சி என்கிறார்கள். அப்புறம் ஏன் கோடை வந்தால் குடத்தோடு லாரிக்கு நிற்கிறோம்?
– இல்லத்தரசி, வியாசர்பாடி

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. 12 டிஎம்சியை 365 நாளுக்குப் பிரித்தால் தினம் சுமார் 93 கோடி லிட்டர். வாரியம் இப்போது சென்னைக்குத் தினமும் தருவதே 100 கோடி லிட்டரைச் சற்றுத் தாண்டும். அதாவது காகிதத்தில் பார்த்தால் கிருஷ்ணா ஒன்றே கிட்டத்தட்டப் போதும்!

கிருஷ்ணா ஆற்றில் ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுக்க மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் 1970களில் ஒப்புக்கொண்டன. 1983இல் ஆந்திராவுடன் போட்ட ஒப்பந்தப்படி, வழியில் வீணாகும் 3 போக நமக்கு 12: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. நம் பூண்டி ஏரிக்கு முதல் தண்ணீர் வந்தது 1996இல். பெரும்பாலான ஆண்டுகளில் வந்தது அந்தக் கணக்கைவிடக் குறைவு. கிருஷ்ணாவின் ஸ்ரீசைலம் அணையில் தண்ணீர் இருக்க வேண்டும், ஆந்திராவின் கண்டலேறு நீர்த்தேக்கத்தில் மட்டம் ஏற வேண்டும், அங்கிருந்து எல்லை வரை 150 கிலோமீட்டர் கால்வாயில் நமக்கென்று மிஞ்ச வேண்டும்.

இதில் ஒரு நல்லதும் உண்டு. கிருஷ்ணாவுக்குத் தென்மேற்குப் பருவமழை, நம் ஏரிகளுக்கு வடகிழக்கு. ஒன்று கைவிட்டால் மற்றது கைகொடுக்கலாம். ஆனால் திட்டம் போடுகிறவர் ‘கிருஷ்ணா: 12’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. மிக மோசமான வருஷத்தில் எல்லையைத் தாண்டி உண்மையில் வந்தது எவ்வளவோ, அந்த எண்தான் அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும்.

சான் டியேகோவில் இருக்கும் என் மகன், அங்கே தண்ணீருக்கு மொத்த வியாபாரிகள் உண்டு என்கிறான். நிஜமா சார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

நிஜம்தான். 1928இல் அமைந்த மெட்ரோபாலிட்டன் வாட்டர் டிஸ்ட்ரிக்ட், கொலராடோ ஆற்றுத் தண்ணீரையும் வட கலிஃபோர்னியாவிலிருந்து வருவதையும் தெற்கே மொத்தமாக விற்கிறது. சான் டியேகோ வட்டார ஆணையம் அதனிடமும் வேறு இடங்களிலும் வாங்கி நகரங்களுக்கு விற்கிறது. வீட்டுக்குழாய் நகரத்தின் பொறுப்பு. நம் ஊரில் வாங்குவது, சுத்திகரிப்பது, தெருவுக்கு விடுவது எல்லாம் ஒரே வாரியம்.

நாம் பார்த்துக் கற்க வேண்டியது அவர்கள் போடும் திட்டத்தை. பெரிய விநியோகஸ்தர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அடுத்த 20 ஆண்டுக்கு எழுதியாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சாதாரண வருஷத்தில் எவ்வளவு, ஒரு வறண்ட வருஷத்தில் எவ்வளவு, தொடர்ந்து ஐந்து வருஷம் வறண்டால் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். துண்டு விழுந்தால் எந்தக் கட்டத்தில் எதை நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கடல்நீர்த் தலைவலி அங்கும் உண்டு: 2015இல் திறந்த கார்ல்ஸ்பாட் ஆலைக்கு, தேவைப்படாவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

மணலி கம்பெனிகள் நம் குடிநீரைத்தானே உறிஞ்சுகின்றன?
– வாசகர், கொடுங்கையூர்

முன்பு சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். 2019 முதல் உங்கள் கொடுங்கையூரிலேயே கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி, மீஞ்சூர் ஆலைகளுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அங்கே போகும் ஒவ்வொரு லிட்டரும் நமக்கு மிச்சமாகும் குடிநீர். என் ஓட்டு கடல்நீரைவிட இதற்குத்தான்.

ஏரி நிறைந்தும் எங்கள் தெரு அடிபம்பில் காற்றுதானே வருகிறது?
– மீனவர், காசிமேடு

அது ஏரிக் கணக்கில்லை, குழாய்க் கணக்கு. நீரேற்று நிலையத்திலிருந்து தூரமாக, லைனின் கடைசியில் இருக்கும் தெருவுக்கு அழுத்தம் குறையும். நடுவில் நாலு வீடு நேரடியாக லைனில் மோட்டார் போட்டால் மொத்தமும் போச்சு. தண்ணீர் விடும் நேரத்தில் எந்தப் பம்பு வரை வருகிறது, எதிலிருந்து நிற்கிறது என்று குறித்துப் பகுதி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ‘தண்ணி வரலை’ என்று மட்டும் சொன்னால் லாரி அனுப்பிக் கணக்கை முடித்துவிடுவார்கள்.