நாகர்கோவில் ஸ்கேன், திருவனந்தபுரம் ஸ்கேன்: மூணு மாசத்துல 6 சதவீதமா?

அம்மாவோட ஹிப்போகாம்பஸ் (மூளையில ஞாபகத்துக்கான பகுதி) மூணு மாசத்துல 6 சதவீதம் சுருங்கிடுச்சான்னு கேட்டிருக்கீங்க. சுருங்கிடுச்சுன்னு இந்த ரெண்டு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை வச்சுச் சொல்ல முடியாது. நீங்க எழுதினபடி அம்மாவுக்கு நாகர்கோவில்ல எடுத்தது 1.5 டெஸ்லா, திருவனந்தபுரத்துல எடுத்தது 3 டெஸ்லா. டெஸ்லாங்கறது மெஷினோட காந்தப்புல பலம். ரெண்டும் வேற வேற தராசு. அல்சைமர் உள்ளவங்களுக்கே ஹிப்போகாம்பஸ் வருஷத்துக்குச் சுமார் 4, 5 சதவீதம்தான் குறையும். மூணு மாசத்துல 6ன்னா முதல்ல மெஷினைத்தான் சந்தேகப்படணும்.

காந்தப்புலம் மாறினா சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவுல உள்ள எல்லை படத்துல வேற மாதிரி விழும். சாஃப்ட்வேர் அளக்கறது அந்த எல்லையைத்தான். சாஃப்ட்வேர் வெர்ஷன் மாறினாலே எண் நகரும்.

ரெண்டு சிடியையும் கம்ப்யூட்டர்ல போட்டு, டைகாம் விவரத்துல (ஸ்கேன் ஃபைலோடயே பதிவாகியிருக்கற தகவல்) ஸ்லைஸ் தடிமனை, அதாவது ஒவ்வொரு படத் துண்டும் எவ்வளவு தடிமன்னு பாருங்க. 3டி டி1 படம் (மூளை முழுசையும் மெல்லிய துண்டுகளா எடுக்கற வகை), 1 மி.மீ. அளவுல இருக்கணும். ஒண்ணுல 5 மி.மீ.ன்னு இருந்தா அதுல கன அளவு எடுத்ததே தப்பு. எங்க அப்பாவுக்கு இதேதான். களியக்காவிளை தாண்டி மூணு தடவை அலைஞ்ச பிறகு ஒரு டெக்னீஷியன் போற போக்குல சொன்னார்!

ரெண்டும் 1 மி.மீ.ன்னா, ஒரே சாஃப்ட்வேர்ல, ஒரே வெர்ஷன்ல ரெண்டையும் ஓட்டித் தரச் சொல்லுங்க. அப்பவும் வித்தியாசம் முழுசாப் போகாது. மெஷின் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யற காம்பாட் மாதிரி திருத்த முறைகள் பல பேரை வச்சுச் செய்யற ஆய்வுக்கு, ஒத்தை ஆளுக்கு இல்ல.

அடுத்த ஸ்கேன் அதே 3 டெஸ்லா மெஷின்லயே எடுங்க. ஆனா அடுப்பை அணைக்க மறக்கறது, வழி தடுமாறுறது கூடினா எண்ணுக்காகக் காத்திருக்காம நியூராலஜிஸ்ட்டைப் பாருங்க.