காலநிலைக் கொள்கைக்காக அரசிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது: சில கேள்விகளும் பதில்களும்

வீட்டில் மின்சாரத்தைக் குறைக்கிறேன், முடிந்தவரை பேருந்தில் போகிறேன். அது போதாதா, அரசை ஏன் இழுக்க வேண்டும்?

நல்லது, தொடருங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரம் நிலக்கரியில் தயாராகிறதா காற்றாலையில் தயாராகிறதா என்பது உங்கள் கையில் இல்லை. பேருந்து வருமா வராதா என்பதும்தான். ஓசோன் விவகாரத்தையே பாருங்கள். வானத்தின் ஓசோன் படலத்தை அரித்த ரசாயனங்கள் ஸ்பிரே டப்பாக்களில் இருந்தன. 1970களிலேயே ஸ்பிரே டப்பா வாங்குவதை நிறுத்தியவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்த ரசாயனங்கள் உலகெங்கும் படிப்படியாக ஒழிந்தது 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, அரசுகள் உற்பத்திக்கே வரம்பு போட்ட பிறகுதான்.

சரி, அரசிடம் என்ன கேட்பது?

"பூமியைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்காதீர்கள். அதற்கு எந்த அமைச்சரும் சிரித்த முகத்தோடு சரி என்பார், அதோடு முடிந்தது. மறுத்தால் மறுத்தது வெளியே தெரிகிற மாதிரி கேளுங்கள்: எந்தத் துறை, எந்த ஆண்டுக்குள், எவ்வளவு, செய்யாவிட்டால் யார் பதில் சொல்வது. எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பிரிட்டன். 2005இல் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரே ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டது: பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைக்கச் சட்டம் வேண்டும். மக்கள் தங்கள் எம்.பி.க்களைத் துளைத்தெடுத்தார்கள், 2008இல் சட்டம் வந்தது. 2050க்கான இலக்கு முதலில் 60 சதவீதக் குறைப்பு என்றுதான் இருந்தது, அது 80 ஆனது, 2019இல் நிகர பூஜ்யமாகவே, அதாவது வெளியிடும் அளவையும் திரும்ப உறிஞ்சும் அளவையும் சமமாக்குவதாகவே, மாறியது. என்னைக் கேட்டால் அந்த எண்களைவிட முக்கியமானது சட்டத்தின் உள்ளே இருக்கும் ஏற்பாடு. ஐந்தாண்டுக்கு ஒரு உமிழ்வு வரம்பு, அதைக் கண்காணிக்க ஒரு தனிக் குழு, அந்தக் குழுவின் அறிக்கைக்கு அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம். 2050இல் இன்றைய அமைச்சர் யாரும் பதவியில் இருக்கப்போவதில்லை, அதனால் இடைக்கால இலக்கு இல்லாத வாக்குறுதியை நான் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நிலக்கரி, பெட்ரோல் போன்றவை வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஏற்பப் போடும் கரிம வரி ஏழைகள் தலையில்தானே விழும்?

விழும், பணம் எங்கே போகிறது என்று யோசிக்காமல் போட்டால். பிரான்ஸில் 2018இல் எரிபொருள் வரி உயர்வுக்கு எதிராக மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. காரில்லாமல் வேலைக்குப் போக வழியே இல்லாதவர்களிடம் போய்ப் பெட்ரோலுக்குக் கூடுதலாகக் கொடு என்றால் வேறென்ன நடக்கும்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008இல் கரிம வரி கொண்டுவந்தபோது வருமான வரியைக் குறைத்தது, குறைந்த வருமானக்காரர்களுக்கு வரிச்சலுகையும் தந்தது. ஆகவே வரி கேட்கும் மனுவிலேயே, வசூலாகும் பணம் யாருக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

"நம் நாட்டின் பங்கு ரொம்பக் கம்மி, நாம் குறைத்து என்ன ஆகப்போகிறது" என்பவர்களுக்கு?

அதில் பாதி நியாயம் இருக்கிறது, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்று 1992 ரியோ மாநாட்டிலேயே நாடுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. மறுபாதி இது: தலா இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக உமிழும் நாடுகளையெல்லாம் கூட்டினால் உலக உமிழ்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். எல்லோருமே "நான் சின்னவன்" என்று ஒதுங்கினால் அந்தப் பங்கு அப்படியே நிற்கும்.

ஆன்லைன் மனுவில் கையெழுத்துப் போட்டால் பலன் உண்டா?

கொஞ்சம். ஒரே வாசகத்தில் வரும் ஆயிரம் மின்னஞ்சலைவிட, தொகுதிக்காரர் பத்துப் பேர் நேரில் போய் உட்கார்ந்தால் பிரதிநிதிக்கு அது உறைக்கும். சட்ட வரைவுக்குக் கருத்துக் கேட்கும் காலத்தைத் தவறவிடாதீர்கள், தொழில் நிறுவனங்கள் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

நீதிமன்றம் போவது?

வேறு கதவுகள் திறக்காதபோது போகலாம், ஆனால் பொறுமை வேண்டும். நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அரசுக்கு எதிராக 2015இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றது, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2019 டிசம்பரில்: அரசு உமிழ்வை 1990 அளவிலிருந்து 2020க்குள் குறைந்தது 25 சதவீதம் குறைக்க வேண்டும். காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் கிளப்பிய கோரிக்கையை வனுவாட்டு அரசு கையில் எடுத்தது, 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது, 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை தந்தது. அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, ஆனால் இனி எந்த நாட்டு வழக்கறிஞரும் அதை மேற்கோள் காட்டலாம்.

சட்டம் வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் உமிழ்வுக்குக் கட்டணம் வசூலிக்கும் கரிம விலையைக் கொண்டுவந்தது, ஆட்சி மாறியது, 2014 ஜூலையில் ரத்தானது. நாளை ஆட்சிக்கு வரக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பதால், எதிர்க்கட்சி அலுவலகத்துக்கும் இப்போதே போய் வாருங்கள்.