கடைசி வரிதான் எனக்குக் கவலை

கேள்வி: எனக்கு வயது 24. பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் வேலைக்குப் போகிறேன். காலையில் சிரிக்கிறேன், சாயங்காலம் அழுகிறேன். கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை பார்க்கிறேன். எதிலும் கவனம் நிற்பதில்லை. வீடியோக்களில் பார்த்தால் பைபோலார் (இருமுனை மனநிலைக் கோளாறு), ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்), ஏடிஎச்டி (கவனக்குறைவுக் கோளாறு) மூன்றும் எனக்கு இருப்பதுபோல் தெரிகிறது. பெரியப்பா ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் வந்து ஊர் ஊராகத் திரிந்தவர். நானும் அப்படி ஆகிவிடுவேனா? தூக்கத்துக்கு மெடிக்கலில் வாங்கி இரண்டு மாதமாக அல்பிரசோலம் போடுகிறேன். சில நாள், காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது.
- வாசகி, பாலக்கோடு

பதில்: கண் விழிக்காமலே போனால் நல்லது என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சாக வேண்டும் என்று நினைக்கவில்லையே, சும்மா தோன்றுவதுதானே என்று தள்ளிவிடாதீர்கள். இந்த வாரமே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எப்படி, எப்போது என்று மனம் யோசிக்க ஆரம்பித்தால் வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. தனியாக இருக்காமல் வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லி, அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் பூட்டிவைத்து, சாவியை அம்மாவிடம் கொடுங்கள். மாத்திரை அட்டையும் அவரிடமே இருக்கட்டும்.

நீங்கள் எழுதிய மூன்று பெயர்களை விட என் சந்தேகம் மனச்சோர்வின் மேல்தான். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ கிடந்து, கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டு, சாவு நினைப்பும் வந்தால் அதை டிப்ரஷன் என்கிறோம். குணப்படுத்தக்கூடிய நோய். அதற்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், போதைப் பழக்கமும் ஆகாது. ஷிப்ட் மாறி மாறி வந்து தூக்கம் கெடுவதும் மனதை இப்படி இழுக்கும். தைராய்டையும் ரத்தசோகையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

அப்புறம் அந்த அல்பிரசோலம். மருந்துச் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. கொடுத்தவர் செய்தது தவறு, தூக்கத்துக்குத்தானே என்று தொடர்ந்து போட்டதும் தவறு. சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். அதற்காகப் பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள்! திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எத்தனை மில்லிகிராம், தினம் எத்தனை என்று டாக்டரிடம் அட்டையையே காட்டுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

வீடியோ கொடுத்த பட்டங்களை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். பைபோலாரில் காலை சிரிப்பு, மாலை அழுகை என்று மாறாது. தூக்கமே தேவைப்படாத வேகம், பெரிய பெரிய பேச்சு, கைமீறிய செலவு என்று நாள்கணக்கில், பெரும்பாலும் ஒரு வாரமாவது நீடிக்கும். கேஸை இரண்டு முறை பார்ப்பது ஓசிடி இல்லை. வேண்டாத எண்ணமும் அதற்காகத் திரும்பத் திரும்பச் செய்வதும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், அல்லது அன்றாட வாழ்க்கையையே கெடுத்தால்தான் அந்தப் பேச்சு. ஏடிஎச்டி 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். போன வருஷம் வரை ஒழுங்காக இருந்த கவனம் இப்போது சிதறினால் அதற்கு வேறு காரணம் உண்டு.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன், உங்களை உள்ளுக்குள் அரிப்பது அதுதான் என்று புரிகிறது. ஸ்கிசோஃப்ரினியா பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும். பெரியப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்தால் நூறில் இரண்டு, மூன்று பேர். மீதி தொண்ணூற்றேழு பேருக்கு வருவதில்லை. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, எல்லோரும் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்ற எதையும் நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் பெரியப்பா கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்தைத் தொடங்குவது என்று முடிவு செய்ய அவருக்கு அந்த விவரம் தேவைப்படும்.