பாலே கற்றால் ஃபிகர் ஸ்கேட்டிங் வருமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்குப் பத்து வயது. சில ஆண்டுகளாகப் பரதநாட்டியம் பயில்கிறாள். அண்மைக் காலமாக மாலை வேளைகளில் சக்கர ஸ்கேட்டிங்கும் பழகுகிறாள். ஒலிம்பிக்கில் பனித்தளத்தின் மேல் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கைக் கைப்பேசியில் பார்த்தது முதல், தானும் அப்படி ஆட வேண்டும் என்கிறாளாம். அதற்கு அடிப்படை பாலே நடனம்தான் என்று உறவினர் ஒருவர் சொன்னதால், இணையவழி பாலே வகுப்பில் சேர்க்கலாமா என்று தாய் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதானா, ஒன்றைக் கற்றால் மற்றது வருமா, இவற்றால் பரதம் கெட்டுப்போகுமா என்பவை அவருடைய ஐயங்கள்.

நடனமும் விளையாட்டும் பயிலும் பிள்ளைகளின் முழங்கால், கணுக்கால் தொல்லைகளைப் பார்த்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேட்டிங்குக்காக என்று நினைத்து இணையவழி பாலே வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். பாலேயிலிருந்து ஸ்கேட்டிங் எடுத்துக்கொள்ளும் பலவற்றைத் தங்கள் மகளுக்குப் பரதமே கொடுத்திருக்கிறது; எஞ்சியிருப்பதைப் பாலே கற்றுத்தராது.

உறவினர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பாலே ஐரோப்பிய அரசவைகளில் வளர்ந்த கலை. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் 1661-இல் அதற்கென்றே ஒரு கழகம் நிறுவினார். ஃபிகர் ஸ்கேட்டிங்கோ நெடுங்காலம் பனிக்கட்டியின் மேல் வட்டங்களையும் எட்டுகளையும் பிசகாமல் வரையும் விறைப்பான பயிற்சியாகவே இருந்தது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஜாக்சன் ஹெயின்ஸ் என்ற நடனக் கலைஞர், பாலேயின் உடல்மொழியையும் இசையையும் அதற்குள் கொண்டுவந்தார். வியன்னா நகரம் அவரைக் கொண்டாடியது. 1976 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் ஸ்கேட்டர் ஜான் கரியின் ஆட்டத்திலும் பாலேயின் சாயல் தெளிவாகவே இருந்தது. நிமிர்ந்த முதுகு, இறங்கிய தோள்கள், விரல்நுனி வரை முடிவு பெறும் கைவீச்சு, முட்டி மடங்காமல் பின்னால் நீளும் கால் ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொது. ஒற்றைக்காலில் நின்று மறுகாலைப் பின்னே உயர்த்தும் பாலேயின் அரபெஸ்க் நிலையைத்தான் ஸ்கேட்டர்கள் ஸ்பைரல் என்ற பெயரில் சறுக்கிக்கொண்டே காட்டுகிறார்கள்.

இடுப்புக்கு மேலே காணப்படும் இந்த ஒற்றுமை, கணுக்காலுக்குக் கீழே வந்ததும் முடிந்துவிடுகிறது. பாலே கலைஞருக்குத் தரை பிடிமானம் தர வேண்டும். வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் குங்கிலியம் போன்ற பிசின்பொடியைத் தேய்த்துக்கொள்வதும் உண்டு. ஸ்கேட்டருக்குத் தரையே வழுக்குகிறது. ஸ்கேட்டிங் பூட்டின் அடியில் பொருத்தப்பட்டுள்ள, சுமார் நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுப் பட்டையின் அடிப்பாகம் தட்டையானதன்று. நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓட, உட்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு கூரிய விளிம்புகள் இருக்கும். உடலை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்து விளிம்பு பனியைப் பற்றிக்கொண்டு, ஆளை வளைவான பாதையில் இட்டுச்செல்லும். ஃபிகர் ஸ்கேட்டிங் முழுவதும் இந்த விளிம்புகளின் மேல்தான் நடக்கிறது. பாலேயில் உடல் எடை பாதத்துக்கு நேர்மேலே நிற்க வேண்டும். இங்கே மொத்த உடலும் வளைவின் மையத்தை நோக்கிச் சாய வேண்டும். நேராக நிற்கவே பழகிய பிள்ளைக்கு அந்தச் சாய்வு முதலில் அச்சத்தைத்தான் தரும். அதைச் சறுக்கித்தான் பழக முடியும்.

சுழற்சியைக் கூர்ந்து பார்த்தால் வேறுபாடு இன்னும் விளங்கும். பாலேயில் சுழல்பவர் தம் கண்களை எதிரே ஒரு புள்ளியில் நிறுத்திக்கொள்வார். உடல் திரும்பத் தொடங்கிய பின்னும் முகம் அங்கேயே நிற்கும். கழுத்து இனித் தாங்காது என்னும் கணத்தில் தலை சடாரென்று சுற்றி, உடலுக்கு முன்பே அதே புள்ளிக்கு வந்துவிடும். தலைசுற்றாமல் இருப்பதற்கான உத்தி அது. பனியில் சுழலும் வேகத்துக்கு அந்த உத்தி ஈடுகொடுக்காது. ஸ்கேட்டரின் தலை உடலோடு ஒன்றாகவே சுழல்கிறது. ஆண்டுக்கணக்கான பயிற்சியில் உட்செவியும் மூளையும் அந்தத் தலைசுற்றலுக்குப் பழகிப்போகின்றன. பாலேயில் தரையின் உராய்வு சுழற்சியைத் தின்றுவிடுவதால், நீண்ட சுழற்சிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் காலை வீசிப் புதிதாக விசை ஏற்ற வேண்டியிருக்கிறது. பனியில் வளைவாக நுழைந்து, விரித்த கைகளை மார்போடு சேர்த்தாலே வேகம் கூடிவிடும். பாலே கலைஞர் வலம், இடம் இரு பக்கமும் சுழலப் பழகுவார். ஸ்கேட்டர்களில் பெரும்பாலோர் தாவுவதும் சுழல்வதும் இடப்பக்கமாக மட்டுமே.

தாவி இறங்குவதில்தான் என் போன்றோருக்குக் கவலை அதிகம். பாலேயில் விரல், முன்பாதம், குதிகால் என்று பாதம் படிப்படியாகத் தரையில் படிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஸ்கேட்டிங் பூட் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருப்பதால் அந்த வசதி குறைவு. பின்னோக்கி ஓடியபடி ஒற்றைக்காலின் வெளிவிளிம்பில் இறங்க வேண்டும். உடல் எடையைப் போல் பல மடங்கு விசையை முழங்காலும் இடுப்புமே தாங்க வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்கின் சீனியர் சர்வதேசப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2024–25 பருவம் முதல் 17 ஆக உயர்த்தியதற்குப் பிள்ளைகளின் உடல், மனநலன் பற்றிய அக்கறையே காரணம். அந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன்.

பரதம் கெடாது. முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டிக்கும் பாலேயின் கால் திருப்பத்துக்கும் இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் திரும்புவதுதான் அடிப்படை. மகளைக் கண்ணாடி முன் அரைமண்டியில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். முழங்கால் சில்லு, பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். முழங்கால் உட்பக்கம் சரிந்து, பாதத்தின் உள்வளைவும் தரையோடு அமுங்கினால், அவள் இடுப்பிலிருந்து திருப்பாமல் முட்டிக்குக் கீழே முறுக்குகிறாள் என்று பொருள். பிறகு அவள் ஒற்றைக்காலில் சறுக்கும்போது பின்னால் நின்று பாருங்கள். அதே காலின் பூட் உட்பக்கம் சாய்ந்தால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கக்கூடும். நட்டுவனாரிடம் சொல்லி முதலில் இதைத் திருத்துங்கள். எந்தப் புதிய வகுப்பையும்விட இதனால் கிடைக்கும் பயன் பெரிது.

இந்த வயதில் குதிகால் எலும்பின் வளர்தகடு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி, இன்னும் மூடியிருக்காது. பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவின் அடியும் ஸ்கேட்டிங்கின் தாவலும் ஒரே நாளில் சேர்ந்தால் அது நோகும். குதிகாலை இருபுறமும் விரல்களால் அழுத்தும்போது வலிக்கிறது என்றால், வலி அடங்கும் வரை தட்டும் அடவுகளையும் தாவலையும் நிறுத்திவைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். நாட்டிய வகுப்பும் ஸ்கேட்டிங்கும் ஒரே மாலையில் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு இருக்கட்டும்.

பாலேயைப் பாலேயாகவே கற்க அவள் விரும்பினால் தடையில்லை. ஆனால் நேரில் ஆசிரியர் இருக்க வேண்டும். பாலே அரங்குகளின் தரை மிதித்தால் சற்றுக் கொடுக்கும்படி அமைக்கப்படுவது. நம் வீடுகளிலோ சிமெண்டின் மேல் டைல்ஸ். அதில் திரையைப் பார்த்துக்கொண்டு குதித்தால் கணைக்கால் எலும்பு நோகும். காலுறையோடு சுழன்றால் கணுக்கால் மடங்கும். கால்விரல் நுனியில் நிற்க உதவும் பாயிண்ட் காலணியைப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன் தொடவே கூடாது. அதன் பிறகும், பாதத்தின் வலுவை ஆசிரியர் நேரில் சோதித்து ஒப்புக்கொண்டால் மட்டுமே.

இனி ஸ்கேட்டிங். உள்ளரங்கப் பனித்தளம் நம் பக்கம் கிடையாது. டேராடூன், குருகிராம் போன்ற வெகுசில ஊர்களில்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் சக்கரத்திலும் ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்ற போட்டிப் பிரிவு இருக்கிறது. முன்னே இரண்டு, பின்னே இரண்டு சக்கரங்கள் கொண்ட குவாட் வகை பூட்டில், அச்சுக்கு நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். உடல் சாய்ந்தால் அது அமுங்கி, சக்கரங்கள் அந்தப் பக்கம் திரும்பும். பனியின் விளிம்புப் பாடத்தை இதிலேயே கற்கலாம். நம் ஊர்களில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் வேகப் போட்டிக்கான ஸ்கேட்டிங். அதுவும் பெருமைக்குரியதே, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் ரிலேயில் வெண்கலம் வென்ற இந்திய அணிகளில் ஆரத்தி கஸ்தூரி ராஜும் ஆனந்த்குமார் வேல்குமாரும் தமிழ்நாட்டவர்கள். ஆனால் வேகத்துக்கான பூட்டும் குனிந்த உடல்நிலையும் தங்கள் மகள் விரும்பும் ஆட்டத்துக்குப் பொருந்தா.

ஆகவே இப்போதைய பயிற்சியாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஒற்றைக்காலில் உள்விளிம்பு, வெளிவிளிம்பு வட்டங்களை இரு காலிலும், முன்னும் பின்னும் கற்றுத்தருவாரா? விழுவதை எப்படிப் பழக்குவார்? இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், பாலே வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல குவாட் பூட், தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு ஆகியவற்றை வாங்கிக்கொடுங்கள். பூட்டைப் 'பிள்ளை வளருவாள்' என்று ஓர் அளவு கூட்டி வாங்கிவிடாதீர்கள். குதிகால் உள்ளே ஆடினால் எந்த விளிம்பும் நிற்காது.