வரைகலைத் துறையில் நுழைவது – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் பெங்களூர் அல்சூரில் வளர்ந்தவன். பி.காம். முடித்துவிட்டு ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சினிமாவின் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இங்குள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று லட்சம் ரூபாய் கேட்கிறார்கள், வேலை உறுதி என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். எனக்குப் படம் வரைய வராது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இந்த வேலையே இனி இருக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். சேரலாமா?

விக்னேஷ்

அன்புள்ள விக்னேஷ்,

நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். தனித்தனியாக உருவான காட்சித் துண்டுகளை ஒரே காட்சியாக இணைக்கும் கம்பாசிட்டிங் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் அறையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, அங்கே எடைபோடப்படுவது ஷோரீல், அதாவது நீங்கள் செய்த வேலைகளைத் தொகுத்த வீடியோதான் என்பதே. முதல் ஷாட் சுமாராக இருந்தால் அடுத்ததைப் பார்க்கும் பொறுமை அங்கே பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால், இந்த வேலைக்கான கண் உங்களுக்கு வாய்க்குமா என்பதை வீட்டிலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓடும் காட்சியிலிருந்து ஓர் உருவத்தைப் பிரேம் பிரேமாகப் பிரித்தெடுக்கும் ரோட்டோ வேலையிலிருந்து தொடங்கலாம். புதியவர்களில் பலர் உள்ளே வருவது அந்த வாசல் வழியாகத்தான். மொட்டை மாடியில் துப்பட்டா பறக்க ஒருவர் நடந்துபோவதைக் கைப்பேசியில் நான்கு நொடி எடுங்கள். நொடிக்கு 24 என்ற சினிமாக் கணக்கில் 96 பிரேம்கள் வரும். அவரைப் பின்னணியிலிருந்து கோடு போட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். முழு உருவத்தையும் ஒரே கோட்டால் சுற்றி வளைத்தால் சில பிரேம்களிலேயே வேலை கைமீறிப் போகும். தலை, தோள், மேல்கை, முன்கை, விரல்கள் என்று தனித்தனி வடிவங்களாகப் பிரித்து, அசைவு திசை மாறும் பிரேம்களில் மட்டும் முதலில் கீ வைத்து, அதாவது வடிவத்தின் நிலையைக் கையால் பதிந்து, பிறகு இடைப்பட்டவற்றைத் திருத்திக்கொண்டே போவதுதான் முறை. முடித்ததும் ஓட்டிப் பாருங்கள். ஓரங்கள் கொதிக்கும் நீரைப்போலத் ததும்பினாலோ, கை வீசும் இடத்தில் கேமராவில் பதிந்த மங்கலும் நீங்கள் பிரித்தெடுத்த வடிவமான மேட்டின் மங்கலும் பொருந்தாமல் போனாலோ, மறுபடி உட்கார வேண்டும். அப்படி உட்காரும்போது சலிப்பைவிட ஆர்வம் மேலோங்கினால் நீங்கள் இந்த வேலைக்கு உரியவர். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பிலுள்ள ஃப்யூஷன் பகுதியே இதற்குப் போதும். ஸ்டுடியோக்களில் புழங்கும் நியூக் என்ற கம்பாசிட்டிங் மென்பொருளுக்கும் பழகிக்கொள்வதற்கென இலவசப் பதிப்பு உண்டு.

வரையத் தெரியாதது இங்கே பெரிய குறையல்ல. காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து காட்டும் கான்செப்ட் ஆர்ட்டுக்கும் கதாபாத்திர அனிமேஷனுக்கும் வரைதிறன் பெரிதும் உதவும். ரோட்டோ, வேண்டாதவற்றைக் காட்சியிலிருந்து அழிக்கும் பெயிண்ட், கேமராவின் அசைவைக் கணினியில் மீட்டெடுக்கும் மேட்ச்மூவ், காம்ப் எனப்படும் கம்பாசிட்டிங் ஆகியவற்றுக்கு வேண்டியது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, நிழலின் விளிம்பு எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதைக் கவனிக்கும் புகைப்படக்காரரின் கண்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நியூக்கில் 2021இல் சேர்ந்த காப்பிகேட் என்ற கருவி, கலைஞர் சில பிரேம்களில் செய்து காட்டியதைக் கற்றுக்கொண்டு மற்ற பிரேம்களைத் தானே செய்துபார்க்கிறது. முதல்கட்ட ரோட்டோவுக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை குறையும் என்றே நினைக்கிறேன். இயந்திரம் செய்ததில் எங்கே பிசகு என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவருக்கு இடம் இருக்கும். அந்தக் கண், நான் மேலே சொன்ன 96 பிரேம்களைக் கையால் செய்து பழகியவருக்கே வரும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை தொழிலின் அமைப்பைப் பற்றியது. ஹாலிவுட் வேலைகளைப் பெரும்பாலும் முழு வேலைக்கும் ஒரே விலை என்று முன்கூட்டியே பேசித்தான் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்கள் எடுக்கின்றன. பிறகு வரும் திருத்தங்களின் சுமையில் பெரும்பங்கு அவற்றின் தலையில்தான் விழுகிறது. ‘லைஃப் ஆஃப் பை’க்கு ஆஸ்கர் கிடைத்த அதே 2013 பிப்ரவரியில்தான் அதன் எஃபெக்ட்ஸைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவாலானது. 2025 பிப்ரவரியில் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்களை நடத்திவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது நம் பெங்களூரிலேயே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலையிழந்தார்கள். அனுபவமுள்ளவர்களே வேலை தேடி அலைந்த ஊரில், புதியவருக்கு வேலை உறுதி என்று ஒருவர் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்களில் நாலைந்து பேரின் தொடர்பு எண்ணைக் கேட்டு வாங்கி, இப்போது எங்கே என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடமே பேசுங்கள். எண் தரத் தயங்கினால் அங்கே சேராதீர்கள்.

இன்னொன்று. ஸ்டுடியோக்களில் புரொடக்‌ஷன் கோஆர்டினேட்டர் என்றொரு வேலை உண்டு. எந்த ஷாட் யாரிடம் இருக்கிறது, பேசிய நாள்கணக்கில் எவ்வளவு கரைந்துவிட்டது, வாடிக்கையாளரிடம் எது எப்போது போக வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பவர் அவர். கணக்கு எழுதிப் பழகிய உங்களுக்கு அது அந்நியமாக இராது. அன்றன்றைய ஷாட்களைப் போட்டுப் பார்க்கும் டெய்லீஸ் கூட்டத்தில் உட்கார்ந்து சூப்பர்வைசர் ஒவ்வொரு ஷாட்டிலும் சொல்லும் குறைகளை அன்றாடம் கேட்கும் வாய்ப்பும் கிடைக்கும். ரோட்டோ பழகிக்கொண்டே அந்த வேலைக்கும் விண்ணப்பியுங்கள். அதுவரை கடை வேலையை விட வேண்டாம்.

அன்புடன்.