வெள்ளை அணு அதிகமாக இருந்தால் ரத்தப் புற்றுநோயா? உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தம்பிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 18,000 என்று வந்திருக்கிறது, இது ரத்தப் புற்றுநோயா, அந்த நோய் வந்தால் உடம்புக்குள் என்னதான் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஸ்லைடு பார்ப்பதுதான் என் வேலை, அந்த அளவில் சொல்கிறேன்.

காய்ச்சலோடு வரும் 18,000 பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். வழக்கமான அளவு 4,000 முதல் 11,000 வரை. தொற்றில் ஏறும், குணமானால் இறங்கும். காய்ச்சல் விட்ட பிறகும் இறங்கவில்லை என்றால், அல்லது ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் சேர்ந்து குறைந்திருந்தால், ஸ்மியர் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை அணு என்பதைவிட எப்படிப்பட்ட அணு என்பதுதான் கேள்வி.

ஸ்மியர் என்பது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, லென்ஸில் பார்ப்பது. நியூட்ரோஃபில் என்ற நல்ல வெள்ளை அணுவின் கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்திருக்கும். லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோயில் தெரிகிற பிளாஸ்ட் அணு அப்படி இருக்காது. கரு அணு முழுவதையும் அடைத்துக்கொண்டு, நடுவே வெளிறிய புள்ளிகளோடு நிற்கும். அது வளர்ந்து முடிக்காத அணு. கிருமியோடு சண்டை போடத் தெரியாது, பெருக மட்டும் தெரியும். எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியும் நோயாளி சாதாரண நிமோனியாவில் விழுவது இதனால்தான்.

இவை பெருகுகிற இடம் எலும்பு மஜ்ஜை. சிவப்பணு, வெள்ளை அணு, பிளேட்லெட் மூன்றுக்கும் அதுதான் நாற்றங்கால். களை மண்டிவிட்டால் மற்ற மூன்றுக்கும் இடமில்லை. சிவப்பணு குறைந்தால் வெளிறல், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதல். பிளேட்லெட் குறைந்தால் பல் தேய்க்கும்போது ரத்தம், காலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள். மஜ்ஜை நெருக்கடியில் எலும்பு வலிக்கும். குழந்தை நடக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதாகச் சொல்லி அழைத்து வருவார்கள். இன்னொன்று, எல்லாருக்கும் வெள்ளை அணு எண்ணிக்கை ஏறாது. சிலருக்கு 2,000 என்று குறைந்தே வரும்.

அப்படிக் குறைந்து வருவதில் என்னை உடனே எழுந்து மருத்துவருக்குப் போன் செய்ய வைக்கும் வகை ஒன்று உண்டு: ஏ.பி.எல். எனப்படும் புரோமைலோசைடிக் லுகேமியா. அணுவுக்குள் ஊசி ஊசியாகக் கட்டுக் கட்டாகத் தெரியும். 15, 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது. ரத்தம் உறையும் முறையே குலைந்து, மூளையில் கசிந்து, சில நாட்களிலேயே உயிர் போகலாம். சந்தேகம் வந்த அன்றே, மரபணு ரிசல்ட்டுக்குக் காத்திராமல், ஆட்ரா மாத்திரையைத் தொடங்குவார்கள். அந்த முதல் வாரங்களைத் தாண்டிவிட்டால் ரத்தப் புற்றுநோய்களிலேயே நன்றாகக் குணமாகிறவற்றில் இதுவும் ஒன்று. இன்னொரு மருந்து ஆர்செனிக் டிரையாக்சைடு, நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்பது. ஆர்செனிக்கை மட்டுமே முதன்மையாக வைத்துச் சிகிச்சை செய்த முடிவுகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். எனக்கு அது பெரிய பெருமை. ஆனால் அது அளந்து, நரம்பில் ஏற்றி, இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே தருவது. யாரோ தரும் பஸ்பத்தைத் தயவுசெய்து வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

நாள்பட்ட வகைகள் வேறு கதை. சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா உள்ளவர் வேறு எதற்கோ ரத்தப் பரிசோதனைக்கு வருவார், எண்ணிக்கை ஒன்றரை லட்சம் இருக்கும், மண்ணீரல் வீங்கியிருக்கும், மனிதர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மருந்து வந்த பிறகு பலர் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல ஆண்டுகளாக நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

லுகேமியா தவிர வேறு ரத்தப் புற்றுநோய்களும் உண்டு. லிம்ஃபோமா நெறிகட்டியில் தொடங்கும், பெரும்பாலும் வலியில்லாத கட்டி. மைலோமா வயதானவர்களின் எலும்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தீராத முதுகுவலியோடு ரத்தசோகையும் இருந்தால், வயசாகிவிட்டது என்று விடாதீர்கள். கட்டிக்கும் காய்ச்சலுக்கும் காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் நோய் பிடிபடாமல் போகும்.

சிகிச்சை தொடங்கிய வீட்டாருக்கு ஒன்று. கீமோ முதலில் பிளேட்லெட்டை இன்னும் கீழே தள்ளும். தானமாகக் கிடைத்த பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் சுமார் ஐந்து நாள்தான் தாங்கும், முன்கூட்டியே சேர்த்துவைக்க முடியாது. எனவே முதல் வாரத்திலேயே நண்பர்கள், சொந்தக்காரர்கள், ரத்தப் பிரிவு, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நோயாளியோடு தங்கும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.